கைகால் விழுந்த ஒரு காவலாளி: பின்கழுத்து ஊசியில் கிடைத்த ரேபிஸ் ஆர்.என்.ஏ.

செட்டிநாட்டுப் பக்கம் ஒருவருக்குத் திடீரென்று கைகால் விழுந்துவிட்டது என்று கொண்டுவந்தால், முதலில் பாம்பு கடித்ததா என்றுதான் கேட்போம். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. வலியும் பெரிதாக இருக்காது. இந்த நோயாளிக்கும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினோம். குடும்பத்தார் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், வயது, உறவுமுறை ஆகியவற்றில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு கிராமம். அங்கே ஒரு நகரத்தார் வீட்டின் காவலும் பராமரிப்பும் அவர் பொறுப்பு. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற நீள வீடு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் வளவில் விளக்கு எரியும். மற்ற நாளெல்லாம் இவரும் மனைவியும் பின்கட்டில். சர்க்கரை நோய் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, அதுவரை ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை.

வைகாசி மாதத் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தது. கூடவே வலது பாதத்திலிருந்து முழங்கால்வரை மதமதப்பும் ஒருவித ஊறலும். இரண்டு நாளில் வலது காலை இழுத்து நடந்தார். அடுத்த நாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. சிறுநீரும் கட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குழாய் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள்.

வந்தபோது முழு நினைவோடு இருந்தார், தெளிவாகப் பேசினார். இரண்டு கால்களிலும் வலு இல்லை, கைகளில் பாதிதான் இருந்தது. சுத்தியலால் தட்டினால் முழங்காலிலோ கணுக்காலிலோ அசைவே இல்லை. ஆனால் ஊசியால் குத்தினால் எல்லா இடத்திலும் உணர்ச்சி சரியாகத் தெரிந்தது. கண் இமை தொங்கவில்லை. கட்டுவிரியன் விஷமென்றால் முதலில் இமைதான் விழும், வாதம் மேலிருந்து கீழே இறங்கும். இவருக்குக் கீழிருந்து மேலே ஏறியது. பாம்பு இல்லை என்று முடிவுசெய்தோம். பொட்டாசியம் சரியாக இருந்தது. உண்ணிக்காய்ச்சலுக்கான சோதனையும் நெகட்டிவ்.

காலில் தொடங்கி மேலே ஏறும் தளர்ச்சி, அனிச்சைச் செயல் இல்லை, உணர்ச்சி இருக்கிறது. எந்த மருத்துவரும் இதைக் கில்லன்-பாரே என்றுதான் எழுதுவார், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்குகிற நோய் அது. நரம்பு மின்சோதனையும் அதற்கு ஒத்தே வந்தது. அதற்கான இம்யூனோகுளோபுலின் சிகிச்சையைத் தொடங்கினோம். அது தவறான முடிவு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சிகிச்சை தந்தால் குணமாகிற நோயைச் சந்தேகத்தின் பேரில் விட்டுவிட முடியாது.

ஆனாலும் சில விஷயங்கள் ஒட்டவில்லை. கில்லன்-பாரேயில் காய்ச்சல் வந்துபோய் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வாதம் வரும். இவருக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. சிறுநீர்க்கட்டு கால் விழுந்த அன்றே வந்திருந்தது. முதுகுத்தண்டு நீரில் கில்லன்-பாரேக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகமாக லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் இருந்தன. அப்புறம் அந்தத் தசை மேடு. தொடையிலும் நெஞ்சிலும் சுத்தியலால் தட்டிய இடத்தில் தசை ஒரு சின்ன மேடாக எழும்பி, சில நொடி நின்று, மெல்ல அடங்கியது. தைராய்டு குறைவிலும் சோடியம் குறைவிலும் இப்படி வரலாம், இவருக்கு இரண்டும் சரியாக இருந்தன. தாய்லாந்து மருத்துவர் ஹேமசுதாவின் குழு 1980-களில் இந்தத் தசை மேட்டை வாதமாக வருகிற ரேபிஸின் (வெறிநாய்க்கடி நோயின்) அடையாளமாக எழுதியது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிற விஷயம். படுக்கையருகே செய்துபார்க்க ஒரு காசு செலவில்லை, இருந்தும் செய்பவர்கள் குறைவு.

நாய்

வந்த அன்றே கேட்டோம், நாய் ஏதும் கடித்ததா என்று. இல்லை என்றார்கள். மறுநாள் கேட்டபோதும் இல்லை. மூன்றாவது தடவை கேட்டது நாங்கள் இல்லை. அதே பக்கத்து ஊர்க்காரரான ஒரு நர்ஸ், இரவுப் பணியில் நோயாளியின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறார். "கடிக்கல தாயி, பல்லு பட்டுச்சு. நம்ம சோறு தின்ன நாய்தான்" என்று பதில் வந்தது.

விவரம் இதுதான். தை மாதம் அந்த வீட்டில் ஒரு கல்யாணம். அதற்குச் சில வாரம் முன்பு தெருநாய் ஒன்று பின்கட்டில் குட்டி போட்டிருந்தது. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் குட்டிகளோடு விளையாடினார்கள். எல்லோரும் ஊருக்குப் போன இரண்டாம் நாள், விறகு எடுக்கப்போனவரின் வலது பின்னங்காலில் தாய் நாய் கவ்வியது. ரத்தம் வந்தது. அந்த வார இறுதிக்குள் நாயைக் காணவில்லை. குட்டிகளில் ஒன்றை உறவுக்காரப் பையன் ஒருவன் முன்பே தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

"அப்ப ஊசி போட்டீங்களா அம்மா?" என்று நான் கேட்டபோது அவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "போட்டோமே தம்பி! அன்னிக்கு சாயங்காலமே போட்டோம்." போட்டது டெட்டனஸுக்கான டி.டி. ஊசி. காயத்தில் சுண்ணாம்பு வைத்திருந்தார்கள், சோப்பு போட்டுக் கழுவவில்லை. ஊசி போட்ட இடத்தில் நாய் விஷயத்தைச் சொன்னார்களா, சொல்லியும் விட்டுப்போனதா என்பது இரண்டு பக்கமும் வேறு வேறாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்றும் கேட்டேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று அவர் பயந்தாராம். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் செம்பிள் 1911-இல் இமாசல மலையூரான கசௌலியில் உருவாக்கிய தடுப்பூசி, ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் போட வேண்டும். மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு அந்த ஊசியாலேயே வாதம் வந்தது. இந்தியா அதை 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. 2006 முதல் தோலுக்குள் போடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. இப்போது அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரண்டு கையிலும் சின்னதாகப் போடுகிறார்கள், இலவசமாக. ஆனால் ஊர்ப்புறத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மனதில் இன்னும் அந்தப் பதினான்கு ஊசிதான் இருக்கிறது.

உயிரோடு இருக்கும்போது தேடியது

தண்ணீரைக் கண்டு பயம் இல்லை, காற்றுக்குப் பயம் இல்லை, வெறி இல்லை. ரேபிஸ் என்றவுடன் மக்கள் நினைக்கிற எதுவும் இவரிடம் இல்லை. ரேபிஸ் நோயாளிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் இப்படி வாதமாக வருகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பலர் வேறு பெயரில் இறந்து எரிக்கப்பட்டும் விடுகிறார்கள்.

உமிழ்நீரைச் சில மணி நேர இடைவெளியில் மூன்று தடவை எடுத்தோம். முதுகுத்தண்டு நீரும் ரத்தமும் எடுத்தோம். இம்யூனோகுளோபுலின் ஏற்றும் முன் எடுத்து வைத்திருந்த ரத்தத்தையே எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) சோதனைக்கு அனுப்பினோம். பலருடைய ரத்தத்திலிருந்து செய்கிற மருந்து அது. அவர்களில் யாராவது ரேபிஸ் தடுப்பூசி போட்டவராக இருந்தால், மருந்தோடு வந்த எதிர்ப்பொருளை நோயாளியுடையது என்று நினைத்துவிடக்கூடும். பின்கழுத்தில் முடி தொடங்கும் இடத்திலிருந்து ஒரு தோல் துண்டும் எடுத்தோம். மயிர்க்கால்களின் அடியைச் சுற்றி ஓடுகிற நுண்ணிய நரம்புகளில் கிருமி இருக்கும் என்பதால், குறைந்தது பத்து மயிர்க்காலாவது அந்தத் துண்டில் இருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டியில் அனுப்பியவற்றுக்கு வந்த பதில்: உமிழ்நீர் மூன்றும் நெகட்டிவ், தண்டு நீர் நெகட்டிவ், ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. தோலில் முடிவு சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் வென்டிலேட்டரில் இருந்தார். எம்.ஆர்.ஐ.யில் மூளைத்தண்டிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் மங்கலான வெண்மை தெரிந்தது. சந்தேகத்துக்கு வலு சேர்த்ததே தவிர, அதை வைத்து யாரும் முத்திரை குத்த மாட்டார்கள்.

இந்த நெகட்டிவை எப்படிப் படிப்பது என்பதில்தான் இந்த ஆய்வின் சாரம் இருக்கிறது. கடித்த இடத்தில் நுழைந்த கிருமி, தசையில் வாரக்கணக்கில் தங்கி, நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பிழை வழியாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. ரத்தத்தில் அது பயணம் செய்வதில்லை. மூளையில் பெருகிய பிறகுதான் மறுபடி நரம்பு வழியாக வெளியே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் தோலுக்கும் வருகிறது. வந்தாலும் உமிழ்நீரில் விட்டுவிட்டுத்தான் கசியும். எதிர்ப்பொருளோ நோய் தொடங்கி ஒரு வாரம் கடந்த பிறகே பலருக்கு வருகிறது, வராமலே இறப்பவர்களும் உண்டு. ஆக, வெளியே எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லையென்றால், எடுத்த நேரத்தில் அங்கே இல்லை என்பதுதான் பொருள். மூளையில் இல்லை என்று ஆகாது. பி.சி.ஆர். இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் குழாயில் வராத ஒன்றைப் பெருக்கிக் காட்ட அதனால் முடியாது.

சேர்த்த ஒன்பதாம் நாள் விடியற்காலையில் இறந்தார்.

கண் தானம்

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் மகன் வந்து, அப்பா கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாம் ஒன்றில் கையெழுத்துப் போட்டாராம். கண் வங்கிக்கு அவரே போன் செய்யத் தயாராக நின்றார். இப்படிப்பட்ட ஆசையை மறுப்பது எளிதல்ல, ஆனாலும் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

காரணம் 1978-இல் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் வாதம் கண்டு இறந்தார், கில்லன்-பாரே என்று முடிவுசெய்தார்கள். அவருடைய விழிவெண்படலத்தை (கார்னியா) ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். சில வாரங்களில் அந்தப் பெண் ரேபிஸால் இறந்தார். பிறகு தேடியபோது கொடுத்தவரின் கண்ணிலும் கிருமி இருந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ரேபிஸ் பரவியது உறுதியாக நிரூபிக்கப்பட்ட முதல் நிகழ்வு அதுதான். இந்தியாவிலும் 1980-களில் ஒரே கொடையாளரின் இரண்டு கண்களைப் பெற்ற இருவர் இப்படி இறந்திருக்கிறார்கள். 2004-இல் டெக்சாஸில் சிறுநீரகம், கல்லீரல், ரத்தக்குழாய் பெற்ற நால்வர் போய்விட்டார்கள். எங்கள் நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் முதல் பக்கத்தில் கில்லன்-பாரே என்றுதான் எழுதியிருந்தது.

மகனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி சரியானது: "அப்ப அது என்னன்னு நிச்சயமாத் தெரியாமலே எரிச்சுடப் போறோமா சார்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் மூளைத் திசு எடுக்கும் பேச்சு வந்தது. மண்டையைத் திறக்கும் முழுப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று நாங்களே நினைத்தோம். ரம்பம் போடும்போது தெறிக்கிற துகள் பிணவறை ஊழியர்களுக்கு ஆபத்து. இறந்தவரின் மைத்துனர், பெரியவர், உடம்பில் கத்தி படக்கூடாது என்று நின்றார். கத்தி இல்லை, ஒரு ஊசி மட்டும்தான், முகத்தில் எதுவும் தெரியாது, அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவோம் என்று சொன்னோம். "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, சீக்கிரம் ஆகட்டும்" என்றார். மனைவியும் மகனும் எழுத்தில் ஒப்புதல் தந்தார்கள்.

ஊசி

முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்ட இருவர் மட்டும் உள்ளே போனார்கள். முகக்கவசம், கண்ணாடி மறைப்பு, இரட்டைக் கையுறை. உடலைக் குப்புறப் படுக்கவைத்துத் தலையை முன்பக்கம் மடக்கினால், மண்டையோட்டின் அடிக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவில் ஒரு விரல் புகும் இடைவெளி தெரியும். மண்டையோட்டின் பெருந்துளை அங்கே இருக்கிறது. நடுக்கோட்டில் நீளமான பயாப்சி ஊசியைச் செலுத்தினால் முதலில் மூளைத்தண்டு, கோணத்தை மாற்றினால் சிறுமூளை. கண்குழி வழியாகப் போகிற முறையும் உண்டு. அதில் பெரும்பாலும் மூளையின் முன்பகுதிதான் வரும். ரேபிஸுக்கு வேண்டியது மூளைத்தண்டும் சிறுமூளையும். கிருமி தண்டுவடம் வழியாக ஏறி வருகிற பாதையிலேயே மூளைத்தண்டு இருக்கிறது, சில சமயம் கிருமி அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் என்பதால் குறுக்காக எடுப்பது நல்லது.

கிடைத்தவை நூல் போன்ற வெளிர் துண்டுகள் சில. ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்தோம். ஒரு பகுதி பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த உப்புநீரில், இன்னொரு பகுதி கிருமியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைக் காக்கும் திரவத்தில். ஃபார்மலினில் போடவில்லை. திசுவின் உருவத்தை அது நன்றாகக் காக்கும், ஆனால் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். பல மருத்துவமனைகளில் மூளைத் திசு என்றாலே கை தானாக ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகிறது. அப்படிப் போன மாதிரியில் பின்னர் பி.சி.ஆர். செய்வது பெரும்பாடு.

ஆய்வகம்

இத்தாலிய மருத்துவர் அதெல்கி நெக்ரி 1903-இல் நரம்பணுக்களுக்குள் கண்ட சின்னச் சின்ன உருண்டைகள்தான் வெகுகாலம் ரேபிஸின் சாட்சி. அவை இல்லாத ரேபிஸ் மூளைகளும் நிறைய உண்டு. 1958-இல் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை வந்தது. கிருமியின் புரதத்தில் ஒட்டுகிற எதிர்ப்பொருளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, ஒற்றியெடுத்த தகட்டில் விட்டுப் பார்ப்பது. இன்றும் ஒப்பிடும் அளவுகோல் அதுவே. ஆனால் அதற்குத் திசு கெடாமல் இருக்க வேண்டும். மே மாதச் செட்டிநாட்டு வெயிலில் பெட்டியில் ஐஸ் கரைந்தால் புரதமும் குழைந்துவிடும். அழுகத் தொடங்கிய திசுவிலும் மரபணுத் துண்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனமும் உலக விலங்கு நல நிறுவனமும் ஆர்.டி.-பி.சி.ஆரையும் முதன்மைச் சோதனையாக ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேபிஸ் கிருமியின் மரபுப்பொருள் ஏறத்தாழ 12,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதில் ஐந்து மரபணுக்கள். முதலில் இருப்பது 'என்' (N) மரபணு, கிருமியின் ஆர்.என்.ஏ.வைச் சுற்றிப் போர்த்தும் புரதத்துக்கானது. வகைக்கு வகை அதிகம் மாறுவதில்லை, தொற்றிய உயிரணுவில் அதன் நகல்களே மிகுதி. எனவே தேடுவது பெரும்பாலும் அதைத்தான். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, குறிப்பிட்ட துண்டை மட்டும் சுற்றுச் சுற்றாக இரட்டிப்பாக்குவார்கள். நகல்களோடு கூடுகிற ஒளி எத்தனையாவது சுற்றில் எல்லையைத் தாண்டுகிறது என்பதைப் பார்த்தால் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பது தெரியும், முந்தித் தாண்டினால் அதிகம். கூடவே மனித உயிரணுக்களில் எப்போதும் இருக்கிற பீட்டா-ஆக்டின் மரபணுவையும் தேடுவார்கள். அதுவும் வரவில்லையென்றால் மாதிரியே கெட்டுவிட்டது, அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை.

எங்களுக்கு வந்த அறிக்கை: ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை மூளைத்தண்டில் பாசிட்டிவ். ஆர்.டி.-பி.சி.ஆர். இரண்டு திசுவிலும் பாசிட்டிவ். மூளைத்தண்டில் இருபது சுற்றுக்கு முன்பே எல்லையைத் தாண்டியது, சிறுமூளையில் கொஞ்சம் பிந்தி. வெறும் நீர் வைத்த குழாயில் எதுவும் வரவில்லை. பெருக்கிய துண்டின் எழுத்து வரிசை இந்திய நாய்களில் ஏற்கெனவே கண்ட ரேபிஸ் வரிசைகளோடு சேர்ந்தது. ஆய்வகத்தில் வைத்திருக்கும் மாதிரிக் கிருமியின் வரிசையாக அது இல்லை என்பதையும் பார்த்துவிட்டார்கள். முந்தைய சோதனையின் துகள் காற்றில் கலந்து அடுத்த குழாயில் விழுவது பி.சி.ஆரில் தீராத தலைவலி, ஆகையால் வரிசை பார்க்காத பாசிட்டிவை நான் பாதி மனதோடுதான் நம்புவேன்.

மூளையில் ஒரு கிருமியின் மரபணு கிடைத்துவிட்டால் அதுதான் நோய்க்குக் காரணமா? எல்லாக் கிருமிக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஹெர்பிஸ் கிருமியின் டி.என்.ஏ.வை 1991-இல் மான்செஸ்டரில் ரூத் இட்சாக்கியின் குழு அல்சைமர் நோயாளிகளின் மூளையில் கண்டது. அதே வயதில் மறதி நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளையிலும் அது இருந்தது. அது விருந்தாளியா குற்றவாளியா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. ரேபிஸில் அந்தக் குழப்பம் கிடையாது. மனித மூளையில் சும்மா படுத்திருக்கிற ரேபிஸ் என்று ஒன்று இல்லை. கடி, மூன்று மாத இடைவெளி, கடித்த காலிலேயே தொடங்கிய மதமதப்பு, மூளைத்தண்டில் நிறைந்த ஆர்.என்.ஏ. ஒன்றோடொன்று முட்டாமல் பொருந்தின.

அறிக்கை வந்த பிறகு

மாவட்டச் சுகாதாரத் துறைக்கு அன்றே தகவல் போனது. எங்கள் வார்டில் அவருடைய சளியை உறிஞ்சியவர்கள், குழாய் போட்டவர், தண்டு நீர் எடுத்தவர் ஆகியோருக்குச் சந்தேகம் வந்தபோதே ஊசி தொடங்கியிருந்தோம். மனைவிக்கு விரலில் வெடிப்பு இருந்தது, வாயைத் துடைத்துவிட்டதும் அவர்தான். அவருக்கும் போட்டோம். தொட்டவர்கள், பார்க்க வந்தவர்கள், சடங்கில் கலந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முழுத் தோலில் பட்டதற்கு ஊசி தேவையில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

கல்யாணப் பிள்ளைகள்தான் பெரிய வேலை. நோய் தெரிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே நாயின் உமிழ்நீரில் கிருமி இருக்கலாம், கல்யாணம் அந்தக் கணக்குக்குள் வந்தது. பெரிய வீட்டு ஆச்சி சென்னையிலிருந்து போனிலேயே பட்டியல் போட்டுக் கொடுத்தார்: யார் குட்டியைத் தூக்கினார்கள், யாரைத் தாய் நாய் நக்கியது, யாருக்குக் கீறல். அவருடைய ஞாபகம் எங்கள் படிவங்களைவிட உதவியது. குட்டியைக் கொண்டுபோன பையன் வீட்டில் அது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தது. தையில் கடித்த நாய் வைகாசியில் நலமாக இருந்தால் அன்றைய கடியில் கிருமி இருந்திருக்க முடியாது. எனவே அந்தக் குட்டி கீறியதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துக் கண்காணிக்கச் சொன்னோம், தாயிடமிருந்து அதற்கும் தொற்றியிருக்கலாம் என்பதால்.

கடைசியாக மிஞ்சியது சிங்கப்பூரில் இருந்த ஒரு சிறுமி. தாய் நாயின் பல் அவள் முழங்கையில் கீறியிருந்தது. மூன்று மாதம் ஆகிவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று வீட்டில் நினைத்தார்கள். அறிகுறி வராதவரை எத்தனை மாதம் ஆனாலும் போட வேண்டும், தயார் எதிர்ப்பொருள் உள்ள சீரமும் தடுப்பூசியும் சேர்த்து. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. அங்கே உள்ள மருத்துவர், ஊரில் யாரோ வாதம் வந்து இறந்தார் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தயங்கினார், ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று கேட்டார். அன்று இரவே அனுப்பினோம். மறுநாள் காலையில் முதல் ஊசி போட்டுவிட்டதாகச் சிறுமியின் அப்பா செய்தி அனுப்பினார்.